அக்கா திட்டாத நாட்கள்

சலவைத்தூள் டப்பாவுக்குள் கையை விட்டுப் பிராந்திப் பாட்டிலை எடுத்தேன். ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, சமையலறைத் தொட்டியின் விளிம்பில் வைத்தேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

தனியாகக் கொட்ட வேண்டாம் என்பது மருத்துவமனையில் கவுன்சிலர் சொன்னது. "தூங்கத்தானே குடிக்கிறீங்க, தூக்கத்துக்கு வேற வழி பார்ப்போம். பாட்டிலைக் கொட்டணும்னு உங்களுக்கா தோணும்போது கொட்டுங்க. ஆனா வேண்டியவங்க ஒருத்தரைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கோங்க."

வேண்டியவர் என்று எனக்கு இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஆள். அந்த ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் சலவைத்தூளுக்குள் ஒளித்தேன். வீட்டில் துவைப்பது என் வேலை, சமைப்பது அவள் வேலை. அந்த டப்பா இருக்கும் பக்கமே அவள் வரமாட்டாள்.

எனக்கு நடந்ததைக் கவுன்சிலர் பாலியல் வன்கொடுமை என்று பெயர் சொல்லியே சொல்கிறார். நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் கொண்டுவந்து போடுகிற ஆள், ஸ்டோர் ரூம், அவன் உள்ளே போட்ட தாழ்ப்பாள், எல்லாவற்றையும் இப்போது அவரிடம் கோர்வையாகச் சொல்ல வருகிறது. நடந்த வாரமே வந்துவிட்டீர்கள், அது நல்லது என்றார். நான் எங்கே வந்தேன்? அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எதைப் பற்றியுமே கிடையாது.

எங்கள் குடியிருப்பில் அக்காவுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண் திறந்ததும் தொடங்கினால், அச்சகத்துக்குப் பைண்டிங் வேலைக்குக் கிளம்பும்வரை ஓயமாட்டாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் ஒரு பாட்டு, விளக்கை அணைக்காமல் விட்டால் இன்னொரு பாட்டு. எருமை, சோம்பேறி, உன்கூட மாரடிச்சே என் ஆயுசு போயிடும் என்று முடிப்பாள். கீழ்வீட்டுக்காரர் இதை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்வதாகச் சொல்வார்.

கடையில் அது நடந்த நாளோடு ரேடியோ நின்றுவிட்டது.

பாலைப் பொங்க விட்டேன். பேசாமல் அடுப்பைத் துடைத்தாள். சாவியைத் தொலைத்தேன். பரவாயில்லை என்றாள். வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் உலர்த்தினாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே கட்டில். சின்ன வயதிலிருந்து முகத்துக்கு முகம் பார்த்துத்தான் தூங்குவோம். இப்போது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள். என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது போலும் என்று தோன்றும். தோன்றியதும் எழுந்து சலவைத்தூளைத் தேடிப் போவேன்.

இரண்டு மடக்கு குடித்துவிட்டு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன். எவ்வளவு பொத்தினாலும் அறை முழுக்க அந்த வாடை நிற்கும்.

ஒரு தடவை திட்டமாட்டாளா என்று ஏங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அம்மா செத்தபோதுகூட நான் இப்படி ஏங்கியதில்லை.

ஆகவே பாட்டிலை வெளியே எடுத்ததற்குக் கவுன்சிலர் பாதிதான் காரணம். இதைப் பார்த்தால் அக்கா கிழி கிழியென்று கிழித்துவிடுவாள். கிழிக்கட்டும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

நான் காத்திருந்தேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான், இவளுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்தாள். கேஸ் சிலிண்டரை முன்னால் இழுத்தாள். அதன் பின்னால் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். கொண்டுவந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தாள்.

அதே பிராந்தி. என்னுடையதைவிடக் குறைவாக இருந்தது.

அறையில் நின்ற வாடை மொத்தமும் என்னுடையது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குக் காலையில தலைவலின்னு படுத்திருந்தே," என்றாள். "எருமை, சோம்பேறின்னு திட்டி எழுப்பி வேலைக்கு அனுப்புனது நான்தானடி."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. கவுன்சிலரிடம் அந்த நாளைச் சொல்லும்போதெல்லாம் கடைக்குள் நுழைவதிலிருந்துதான் சொல்வேன். அக்காவுக்கு அது வீட்டிலேயே தொடங்கியிருக்கிறது.

தப்பு செய்தவன் அவன், நீ இல்லை என்று சொன்னேன். கவுன்சிலர் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அக்கா நம்பாமல் பார்த்தாள். முதல் நாள் நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன்.

குழாயைத் திறந்துவிட்டு என் பாட்டிலைக் கவிழ்த்தேன். அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு அவளுடையதை அவள் கவிழ்த்தாள். நான் நின்றேன்.

இன்று மத்தியானம் எனக்குக் கவுன்சிலரிடம் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அக்கா வழக்கம்போல அச்சகத்துக்கு லீவு சொல்லியிருந்தாள்.

காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"உள்ள இன்னொரு நாற்காலி இருக்காடி?"