விரதம் முறியாமல்

அனுசுயாவின் இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகியிருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, “ரத்தம் உறைஞ்சிருக்கு. மாத்திரை ஏதும் சாப்பிடுறியாம்மா?” என்றார்.

மாமியார் கருத்தம்மாள் முந்திக்கொண்டாள். “ஒண்ணுமில்லங்க. எந்நேரமும் கோயில்தான். புள்ளவரம் கேட்டு மூணு வருசமா செவ்வா, வெள்ளி தவறாம வெளக்குப் போடுறா. சாமி கண்ணத் தொறக்கல. போன சித்திரையில எம் மகனுக்கு வேற பொண்ணக் கட்டிவச்சுட்டோம்.”

அனுசுயாவுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சுதான். டாக்டரம்மா அவளிடமே கேட்டார்.

“ஒரு வாரம்கூட விட்டதில்லையா? மாசவிலக்கு நாள்ல என்ன பண்ணுவ?”

“விட்டா விரதம் முறிஞ்சிருமேங்க. அது தள்ளிப்போக அத்தையே கம்பம் டவுனுல மாத்திரை வாங்கியாந்து தருவாக. தெனம் ஒண்ணு.”

அனுசுயா மஞ்சள் பையிலிருந்து குங்குமம் ஒட்டிய அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா திருப்பிப் படித்தார்.

“ரத்தம் கட்டினது இதனாலதான் இருக்கும். டாக்டர்கிட்டக் கேக்காம இதையெல்லாம் வருசக்கணக்குல போடலாமா? இது கர்ப்பத்தடை மாத்திரைம்மா.”

அனுசுயா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

கருத்தம்மாள் மெதுவாக அட்டையை வாங்கி மடியில் செருகினாள்.

“வீட்டுல சொல்லிறாத ஆத்தா,” என்றாள். “புதுசா வந்தவ முழுகாம இருக்கா.”