தொட்டி செத்துப்போச்சு

"விஷம் வச்சுட்டான் மிஸ்திரி! பக்கத்து வயல்காரனேதான்!"

சாண எரிவாயுத் தொட்டியருகே நின்று கத்திக்கொண்டிருந்தார் 'இயற்கை'. ஊரார் வைத்த பட்டப்பெயர் அது. பூச்சிமருந்து என்ற சொல் காதில் விழுந்தாலே வாய் கொப்பளிக்கிற மனிதர். தொட்டியிலிருந்து வழியும் சாணக் கரைசலைத் தவிர வேறு உரமே போடமாட்டார்.

அந்தத் தொட்டியைக் கட்டிக்கொடுத்த மிஸ்திரி மூடியைத் திறந்து கம்பை விட்டுக் கலக்கினார். ஒரு குமிழிகூட எழவில்லை. கரைசல் ஓடும் வாய்க்காலில் மண்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன.

"தொட்டி செத்துப்போச்சுங்க. சாணியை கேஸா மாத்துறது கண்ணுக்குத் தெரியாத உசுருங்க. மொத்தமும் போயிடுச்சு."

"என் விளைச்சலைப் பாத்து அவனுக்கு வயித்தெரிச்சல்! நீங்க ஒரு பாட்டில்ல புடிச்சுக் கொடுங்க. சோதனைக்கு அனுப்பிட்டு நேரா போலீஸுக்குப் போறேன். நீங்கதான் சாட்சி."

மிஸ்திரி பாட்டிலை நிரப்பி மூடினார்.

"அடுப்புல தீ எப்பலேருந்து குறைஞ்சுது?"

"ஒரு வாரமாச் சுருங்கிச் சுருங்கி, நேத்து அணைஞ்சே போச்சு."

"அப்ப ஒரே தடவையா ஊத்தினது இல்ல. தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு. இங்க தினமும் வந்து போறது யாரு?"

"எங்க ரெண்டு பேரைத் தவிர ஈ காக்கா கிடையாது. என் பொஞ்சாதியும் ரெண்டு மாசமாப் படுத்த படுக்கை. என்ன நோய்னு டாக்டருக்கே புடிபடல. சாப்பாடு, தண்ணி எல்லாம் என் கையாலதான்." இயற்கை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்கப்பா அவ பேருக்கு எழுதிவச்ச நிலம் இது. இதுல விஷம் விழுந்துச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

மிஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். தொட்டிக்குள் இறங்கிய கழிவுநீர்க் குழாய், சமையலறைச் சுவரிலிருந்து வந்தது.

அப்போது பின்கதவு திறந்தது. மனைவி சுவரைக்கூடப் பிடிக்காமல் நடந்து வந்தாள்.

இயற்கை திடுக்கிட்டார். "நீ ஏன் எழுந்து வந்தே? போய்ப் படு!"

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மிஸ்திரியின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் கொடுக்கிற பாலைப் பத்து நாளா நான் குடிக்கலண்ணே, தொட்டியிலதான் ஊத்துறேன்."