ஆறிப்போன காபி

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா துளசிமணி, காபியைத் தொடவே இல்லை. சம்பந்தம் பிடிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டார்களே! அதை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள் பெண்ணின் அம்மா கோகிலாமணி.

“விஷயம் தெரிஞ்சுபோச்சாட்டிருக்குது. நீ ஏதாச்சும் சொல்லிப்போட்டியா கண்ணு?” என்று மகளிடம் கிசுகிசுத்தாள்.

“இல்லீங்கம்மா. ஆனா மறைக்கிறது தப்புதானுங்களே” என்றாள் லோகப்பிரியா.

அதற்குள் துளசிமணியே உள்ளே வந்துவிட்டாள்.

“ஏனுங்க, காபி புடிக்கலீங்களா? ஆரஞ்சு ஜூஸ் போடட்டுங்களா?” என்று பதறினாள் கோகிலாமணி.

“அதுவும் ஆகாதுங்க” என்ற துளசிமணி, பெண்ணின் பக்கம் திரும்பினாள். “பீளமேட்டு ஆஸ்பத்திரியில, மூத்திரக்கோளாறு பாக்கற டாக்டர் ரூமு வாசல்ல போன மாசம் உன்னையப் பாத்தேன் கண்ணு. மூத்திரப்பை வலிதானே?”

கோகிலாமணி சட்டென்று அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

“ஆமாங்க அத்தை” என்றாள் லோகப்பிரியா.

“மாத்திரைக்குக் கேக்குதா?”

“கொஞ்சந்தானுங்க.”

“எனக்கும் அதே வலிதான் கண்ணு; மாத்திரைக்குக் கொஞ்சங்கூடக் கேக்கல. பைக்குள்ளயே மருந்து ஏத்தி, காபியையும் உட்டதுக்கப்பறந்தான் பாதி அடங்குச்சு. ஆளுக்கொரு வைத்தியம் கேக்குது. உனக்கு எதுன்னு ரெண்டு பேருமாப் போய்ப் பாக்கலாம்.”

பிறகு கோகிலாமணியின் கையைப் பிடித்துச் சொன்னாள்:

“எங்க ரெண்டு பேருக்கும் சுடுதண்ணியே குடுங்க, சம்பந்தி.”