எமிலியானுஸ் தைத்த சட்டை

எமிலியானுஸ் தானே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பேசாலையில் பஸ் ஏறினான்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்றைக்கு ஆசுப்பத்திரியில் தன் மனைவியின் கண்கட்டை அவிழ்க்கப்போவது ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று அவனுக்குச் சந்தோஷம். அவனும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

முன் இருக்கையில் இருந்த சின்னப் பெட்டை மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய தோளைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய கவுணின் தோளைப் பார்த்தாள்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவன் போட்ட சட்டைகள் எல்லாம் பிரான்சிஸ்கா தைத்தவைதான். அவளுடைய கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு தையல் மெசின் மூலைக்குப் போனது. அவன் கிழிந்த சட்டையோடு திரிகிறான் என்று யாரோ சொல்ல, அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வலை பொத்துற கைக்கு இதென்ன பெரிய வேலையே? வாங்கோ, சொல்லித்தாறன்" என்று மெசினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

அவள் சொல்லச் சொல்ல அவன் வெட்டினான். ஊசி விரலில் ஏறியது. ஒரு தரம் கழுத்தையும் சேர்த்துத் தைத்து மூடியே விட்டான். அவள் தடவிப் பார்த்துப் பிரிக்கச் சொன்னாள். பிரித்தான். இந்த வயதில் ஒரு வேலை பழகுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

சட்டைக் கை பொருத்தும்போது மட்டும் அவளைக் கேட்கவில்லை. கையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிச் சுருக்கிப் பிடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள். சுருக்குவது அவனுக்குத் தெரியாத வேலையா? வலையைக் கயிற்றில் கட்டும்போது கயிற்றைவிட அரைப்பங்கு கூடுதலாக வலை பிடிக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் மீன் முட்டிவிட்டுப் போய்விடும்.

அதே கணக்கைச் சட்டைக் கைக்கும் போட்டான்.

வீட்டில் இருந்த சவரக் கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும். பிரான்சிஸ்கா தோள் இரண்டையும் தடவினாள். இன்னொரு தரம் தடவினாள்.

"வலு திறம். ஒப்பரேசன் முடிஞ்சு கட்டவிழ்க்கிற அண்டைக்கு இதைப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றாள்.

ஆசுப்பத்திரியில் நேர்ஸ் கண்கட்டை மெதுவாகச் சுற்றி எடுத்தபோது அவன் கட்டிலின் கால்மாட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

பிரான்சிஸ்கா கண்ணைத் திறந்தாள். சிமிட்டினாள். பார்வை அவன் பக்கம் வந்து நின்றது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

சட்டை கிடக்கட்டும், இவளுக்குக் கண் தெரிந்தால் போதும் மாதாவே என்று மன்றாடினான்.

அவளுடைய உடம்பு குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று பயந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச முடியாமல், அவன் தோள்களில் பலூன் போல ஊதி நின்ற சட்டைக் கைகளை விரலால் காட்டிக் காட்டிச் சிரித்தாள். அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற நேர்ஸும் சிரித்துவிட்டாள்.

எமிலியானுஸ் தன் தோளைத் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸில் இருந்த அந்தப் பெட்டையின் கவுண் கை ஞாபகம் வந்தது.

"தடவிப் பாத்தனீதானே. அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"சொன்னா பிரிச்சுத் தைச்சிருப்பியள்" என்றாள் அவள். "கண் தெரிஞ்ச உடன எனக்குப் பாக்கிறதுக்கு ஒண்டு வேணுமெண்டு விட்டனான்."