அண்ணி ஜிம்முக்குப் போகிறாள்

கட்டிய புருஷன் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடக்க, ஐம்பத்தாறு வயசில் பெண்டாட்டி ஜிம்முக்குப் போகிறாளாம்!

கேள்விப்பட்ட சௌந்தரநாயகிக்குக் காபி இறங்கவில்லை. கீழ்வேளூரில் பஸ் ஏறியவள் நேரே திருத்துறைப்பூண்டி உரக்கடை மாடியிலிருந்த ஜிம்மில் போய்த்தான் நின்றாள்.

உண்மைதான். அண்ணி நீலாயதாட்சி சுடிதார் போட்டுக்கொண்டு, தரையில் கிடந்த இரும்புக் கம்பியை இடுப்புவரை தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தாள். கம்பியின் இரண்டு முனையிலும் தட்டுத் தட்டாக எடை.

“நல்லா இருக்கு அண்ணி! அங்க எங்கண்ணன் ஒண்ணுக்குப் போக ஆள் தேடுது. இங்க நீங்க பயில்வான் வேஷம் கட்டுறீங்க.”

“பக்கத்து வீட்டு ராமாயி அவர்கூட இருக்கா. உக்காரு சௌந்தரம், இன்னும் ஒரு சுத்து பாக்கி.”

“கவர்மெண்ட் கொடுத்த கலர் டிவியில சீரியல் பாக்குற வயசுல இதெல்லாம் தேவையா? பொம்பளை எடை தூக்கினா ஆம்பளை மாதிரி புடைச்சுக்கும்.”

“ஆம்பளைக்கே புடைக்க மாட்டேங்குது. முட்டையா முழுங்கிட்டு அழுவுறானுங்க பசங்க. எனக்கா புடைக்கப் போகுது?”

“பொம்பளை வெயிட்டு தூக்கவே கூடாதும்பாங்க.”

“களத்துக்கு நெல்லுக்கட்டு சுமந்தப்ப ஒருத்தரும் சொல்லலையே!”

“சரி, நாளைக்கு நிறுத்தினா? இந்தச் சதை பூரா கொழுப்பா மாறிடும்.”

“சதை வேற, கொழுப்பு வேற. விதைச்ச உளுந்து பயறா மாறுமா?”

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் சௌந்தரத்துக்குப் பொறுக்கவில்லை.

“தையில அண்ணனுக்கு அறுபது முடியுது. திருக்கடையூர்ல வச்சுக் கல்யாணம் பண்ணிப் பாக்கணும்னு எனக்கு ஆசை. அதுகிட்ட கேட்டா முகத்தைத் திருப்பிக்குது. உங்களுக்காவது அந்த நெனப்பு இருக்கா?”

“நீ மண்டபத்துக்குச் சொல்லு. அவரை வர வைக்கிறது என் பொறுப்பு.”

இவளுக்கு உடம்பு அழகு பெரிசு, அண்ணன் எக்கேடு கெட்டால் என்ன! வீடு வந்து சேர்வதற்குள் சொந்தம் முழுக்கப் போன் போட்டுத் தீர்த்துவிட்டாள் சௌந்தரம்.

தையில் அண்ணன் பஞ்சநதம் வந்தேவிட்டார், சக்கர நாற்காலியில். குத்தகை நிலத்துக்காக மிராசுதாரையே கோர்ட்டில் நின்று ஜெயித்த மனுஷன். கை கால் விழுந்தும் அந்த முறைப்பு மட்டும் விழவில்லை.

மணை தரையில் போட்டிருந்தது. அவரை இறக்கி உட்கார வைக்க வேண்டும். சௌந்தரம் ஆட்களைத் தயாராக வைத்திருந்தாள்.

“டேய், நாலு பேரும் வாங்கடா! ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு மாமாவைத் தூக்குங்க.”

பஞ்சநதத்தின் முகம் கறுத்தது.

“யாரும் தொட வேணாம்” என்றாள் நீலாயதாட்சி.

பட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல் குனிந்து அவரைச் சேர்த்துப் பிடித்தாள். அவர் விளங்குகிற கையை அவள் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஒரே மூச்சு. பூக்கூடையை இறக்குகிற மாதிரி அவரை மணையில் இறக்கிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை மறந்துவிட்டார்.

“கல்லு மாதிரி நாலு பசங்க நிக்கிறப்ப உங்களுக்கு ஏன் அண்ணி இந்த வேலை?”

குழறும் நாக்கோடு அண்ணன்தான் சொன்னார்:

“நாலு பேர் தூக்குறது ஒரு மனுஷனுக்கு ஒரு தடவைதான், உசிரோட இருக்கையில அது எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன் சௌந்தரம். மறுநாளே உங்க அண்ணி ஜிம்முல போய்ச் சேர்ந்துட்டா.”