பக்கத்து நாட்டு உதவி

பொருளாதாரத் தடை போட்டு யாரையும் பணிய வைக்க முடியாது என்று தெசலோனிகி சட்டக் கல்லூரி இதழுக்குக் கட்டுரை எழுதியிருந்தான் ஸ்டெலியோஸ். இன்று முடிவை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தான்.

இதழைக் கவனிக்கும் வகுப்புத்தோழி இரினி முறைத்தாள். "பக்கத்து நாடும் சேர்ந்தா தடை பலிக்கும்னு இப்போ எழுதியிருக்க. ஆதாரம் இல்லாம அச்சுக்குப் போகாதுடா."

"இருக்கு. பக்கத்துலேர்ந்து ரகசியமா உதவி வந்தவரைக்கும் தாக்குப்பிடிக்க முடிஞ்சுது. நேத்து அதுவும் நின்னுபோச்சு. இன்னிக்குக் காலையில சரணாகதி."

"செய்தியில ஒண்ணும் வரலியே. எந்த நாடு?"

ஸ்டெலியோஸ் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களை விரித்துக் காட்டினான்.

"பாத்திரம் கழுவினாத்தான் சாப்பாடுன்னுட்டாங்க அம்மா. பக்கத்து வீட்டு காலியோப்பி அத்தைதான் பீன்ஸ் சூப் குடுத்துட்டிருந்தாங்க. நேத்து அவங்களும் அம்மா பக்கம் சேந்துட்டாங்க."