ஏரிக்கரையில் ஏழாம் மாதம்

பள்ளிக்கூட யூனிஃபார்ம், இரட்டைப் பின்னல், ஏழு மாத வயிறு.

இந்தக் கோலத்தில் லேக் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினேழு வயது மதுவந்தியை, காலை நடைக்கு வந்த அனந்தலக்ஷ்மி மாமி பார்த்துவிட்டார்.

நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பனிக்குள் நடந்து மறைந்துவிட்டார்.

“போச்சு,” என்றாள் மதுவந்தியின் அம்மா ரோஹிணி. “வெறும் வாயை மெல்றவருக்கு அவல் கிடைச்சாச்சு.”

வயிற்றில் இருந்தது தலகாணி. நடந்துகொண்டிருந்தது ஒரு வங்காளப் படத்தின் ஷூட்டிங். படிக்கிற வயதில் பிள்ளை உண்டாகிவிட்ட ஒரு பெண்ணின் கதை. சிரிக்க வைத்து, சிரித்த வாயை மூடுவதற்குள் அழ வைக்கிற ரகம்.

அப்பா மஹாதேவனுக்கு அலிப்பூரில் அரசாங்க உத்தியோகம். மகள் ஸ்கூல் பெண்ணாக நடிக்கிறாள் என்பது வரைதான் அவருக்குத் தெரியும். ‘சபாவுல யாராவது ஒரு வார்த்தை சொன்னாலும் நடிப்பு அன்னியோட சரி’ என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். லேக் கார்டன்ஸ் தமிழர்களில் யார் வீட்டில் எது நடந்தாலும் அதை முதலில் சபாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அனந்தலக்ஷ்மி மாமிதான். அதில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுகூடக் கிடையாது.

இன்னும் ஒரே ஒரு நாள் ஷூட்டிங் பாக்கி.

“ஓடிப்போய் படம்னு சொல்லிடட்டுமா, மா?”

“சொன்னா மட்டும்? மஹாதேவன் பொண்ணு எப்படி நடிக்கறா தெரியுமோன்னு அது ஒரு சுத்து வரும்.”

மதுவந்தி ஏரிப் பக்கம் திரும்பினாள். பனியில் ஏரியே தெரியவில்லை. எங்கேயோ துடுப்புப் போடும் சத்தம் மட்டும் வந்து வந்து போனது. அவள் கை தன்னையறியாமல் தலகாணியைத் தடவிக்கொண்டிருந்தது.

“இதுக்குள்ள யாரோ தூங்கற மாதிரியே இருக்கு, மா.”

“உளறாதே.”

“இல்ல மா. இந்தப் பொண்ணு நிஜமாவே எங்கேயோ இருக்கான்னு தோணிண்டே இருக்கு.”

மறுநாளும் அதே பனி, அதே பெஞ்சு. வயிற்றின் மேல் பரீட்சை அட்டையை வைத்து மதுவந்தி கணக்குப் போட வேண்டும்; டைரக்டர் சைதன்யா லைட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பனிக்குள்ளிருந்து மாமி வந்தார். கையில் ஒரு கூடை.

யாரையும் கேட்கவில்லை. மதுவந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வேப்பிலைக் கொத்தை வளைத்துக் கட்டிய காப்பை முதலில் அவள் கையில் போட்டார். பிறகு கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக, ஒவ்வொன்றாக. கடைசியில் டப்பாவைத் திறந்து ஒரு வாய் புளியோதரையை ஊட்டினார்.

மதுவந்தி மறுக்கவில்லை. கனவில் நடப்பதுபோல் வாயைத் திறந்தாள். சைதன்யா கட்டை விரலைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ரோஹிணிதான் பதறினாள். “மாமி, தப்பா நினைச்சுண்டுட்டேள். கல்யாணம் ஆகாத பொண்ணுக்குப் போய் வளைகாப்பா? இது படம் மாமி. உள்ளே இருக்கறது தலகாணி.”

“தெரியும்,” என்றார் மாமி. “நேத்திக்குக் குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டிண்டாளே. ஏழு மாசத்துக்காரி அப்படிக் குனிவாளா? அந்தண்டை காமிராவும் நின்னுண்டிருந்தது.”

“பின்னே எதுக்கு இதெல்லாம்?”

மாமி மதுவந்தியைப் பார்த்தார். “ஏண்டி, படத்துல அந்தப் பொண்ணுக்கு யாராவது வளை போடறாளோ?”

“இல்ல, மாமி. அவளைத்தான் எல்லாரும் துரத்தி விட்டுடறாளே.”

“அதான் கொண்டுவந்தேன்.”

ரோஹிணி மகள் கை வளையல்களை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். இருந்தாலும் பயம் போகவில்லை. “மாமி, ஒரே ஒரு உபகாரம். இவ அப்பா காதுல மட்டும் போட்டுடாதீங்கோ. பாதியில இழுத்துண்டு போயிடுவார்.”

“சொல்லியாச்சே. வர வழியிலதான் போன் பண்ணினேன்.”

ரோஹிணி பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “என்ன சொன்னார்?”

“நன்னா கோவிச்சுண்டார். இப்பவே வந்து கூட்டிண்டு போறேன்னார்.”

“வந்துண்டிருக்காரா?”

“வரமாட்டார். ‘அவளே முடிச்சுக் குடுத்துட்டு வரட்டும்’னு சொல்லிட்டு போனை வெச்சுட்டார்.”

“அவரா? அவரை எப்படி மாமி சம்மதிக்க வெச்சேள்?”

மாமி கூடையில் மிச்சமிருந்த ஒற்றை வளையலை எடுத்தார். அதை மதுவந்தியின் மணிக்கட்டில் மெதுவாக ஏற்றினார்.

“ஊரார் கதையெல்லாம் சொன்ன வாய்தானே. அம்பத்தஞ்சு வருஷமா சொல்லாத ஒண்ணை இன்னிக்கு அவர்கிட்ட சொன்னேன். பதினேழு வயசுல என் வயித்துல இருந்தது தலகாணி இல்லைன்னு.”